பதினொரு நாள் மகிழ்ச்சி

ஏழுமலை என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். கழுத்துப் பித்தான் தொண்டையை அறுத்தது. "விடுடா" என்று சொல்ல முடியாது. விட்டால் நான் இருக்க மாட்டேன்.

வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வெளிப்பக்கம். பதினான்காவது மாடிக்குச் சற்றுக் கீழே. மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

தொடரை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைப்பவன் நான். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. மொட்டை மாடியிலிருந்து இரண்டு கம்பி வடங்களில் ஒரு நீள இரும்புத் தொட்டில் தொங்கும். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் 'ஜூலா'. உருதுவில் ஊஞ்சல். இரண்டு முனையிலும் இரண்டு மோட்டார். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஜூலா நேராக இறங்கும்.

அன்று சேர்ந்து ஓடவில்லை. என் பக்கத்து மோட்டார் சிக்கி நின்றுவிட்டது. ஏழுமலையின் பக்கம் மட்டும் இறங்கியது. நான் என்ன ஏது என்று திரும்புவதற்குள் தரை சறுக்குமரமாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் வாளி முதலில் போனது. பின்னாலேயே நான்.

ஏழுமலையின் மேல் மோதி, ஒரு கால் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே போய்விட்டது. அந்தக் காலில் இருந்த ஷூ கழன்று விழுந்தது. வாளி தரையில் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. அவ்வளவு உயரம்.

பிரேக் பிடித்து ஜூலா சாய்ந்தபடியே நின்றது.

கழற்றிய கொக்கி

ஜூலா போனாலும் ஆள் போகக்கூடாது என்பதற்காக, எங்கள் ஒவ்வொருவர் இடுப்பு பெல்ட்டிலும் ஒரு கொக்கி உண்டு. மேலிருந்து தனியாகத் தொங்கும் கயிற்றில் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு கயிறு, அவனுக்கு ஒரு கயிறு.

நான் மாட்டியிருக்கவில்லை. கண்ணாடி மூலையில் புறா எச்சம் காய்ந்து கிடந்தது. கை எட்டவில்லை. ஒரு நிமிடம்தானே என்று கழற்றினேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ ஒரு நிமிடங்கள் அப்படிக் கழற்றியிருக்கிறேன்.

இப்போது என் கயிறு மேல்முனையில், கைக்கு எட்டாத தூரத்தில், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அசையாத. சும்னிரு" என்றான் ஏழுமலை.

எட்டு மாதத்தில், வேலைக்கான சொற்களைத் தவிர, அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

எட்டு மாத மௌனம்

ஏழுமலை ஜீவனஹள்ளிக்காரன். நான் ஒக்கலிபுரம். இரண்டும் இதே நகரத்தில்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடுவதற்குக் கைப்பழக்கம் ஒத்த ஆட்கள் வேண்டும். அதனால் சூப்பர்வைசர் எங்களைப் பிரித்ததே இல்லை.

அவன் மனைவி கஸ்தூரிக்குப் பக்கவாதம் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். வலப்பக்கம் விழுந்துவிட்டது. சமையல், துணி, அவளைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவன்தான். அப்படியும் வேலைக்கு வரும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவான்.

எனக்கோ எதுவும் நிலைக்காது. சனிக்கிழமை பிரியாணி, புதுப் போன், ஊருக்குப் போகும் ரயில் என்று எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். கைக்கு வந்த மறுநாள் பேஜாராகிவிடும். முதன்முதல் ஜூலாவில் ஏறிய நாள், ஏரி, மரம், கோபுரம் என்று நகரமே காலுக்குக் கீழே கிடப்பதைப் பார்த்து வாய்விட்டுக் கத்தினேன். மூன்றாவது வாரம் கண்ணில் பட்டதெல்லாம் அழுக்குக் கண்ணாடிதான்.

அப்படியொரு பேஜாரான நாளில், சாப்பாட்டு நேரத்தில், அவன் டப்பாவைத் திறந்துகொண்டே தன்னால் சிரித்தான். எனக்கு எங்கிருந்து அந்த எரிச்சல் வந்ததோ தெரியாது.

"வீட்டுல அப்படி ஒரு பொம்பளைய வச்சிக்கினு எப்படிடா பல்லக் காட்ற? உனக்குச் சூடு சொரணையே கெடையாதா?"

அவன் டப்பாவை மூடினான். எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து 'ஏத்து', 'எறக்கு', 'நிறுத்து' இந்த மூன்று சொற்கள்தான். எட்டு மாதம் நாங்கள் அந்த இரும்புத் தொட்டிலில் தோளோடு தோள் நின்று, பேசாமல் கண்ணாடி துடைத்தோம்.

மன்னிப்புக் கேட்கப் பல முறை வாய் திறந்தேன். 'நாளைக்குக் கேட்கலாம்' என்று மூடிக்கொண்டேன்.

குழாயும் பத்மாவும்

இந்த இடத்தில் என் மனைவி பத்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கார்மெண்ட்ஸில் தையல் மிஷினில் உட்கார்பவள்.

எங்கள் சந்தில் வெகுகாலம் தெருக்குழாய்தான். குடம், வரிசை, சண்டை. ஒருவழியாக வீட்டுக்குள் குழாய் வந்தது. அன்று பத்மா குழாயைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். கழுவிய பாத்திரத்தையே எடுத்துக் கழுவினாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, துடைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இனி இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. "இந்தச் சனியன் சொட்டுது, தூக்கமே வரல. ஆளக் கூட்டிட்டு வாங்க" என்று கத்தினாள். அதே குழாய், அதே தண்ணீர்.

மனித மனத்தின் அமைப்பே இதுதானோ என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. ஆனால் ஏழுமலை அதற்கு விதிவிலக்கு என்று நம்பினேன். அவனிடம் ஏதோ இருக்கிறது, எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். என் கோபத்துக்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஒரே கயிறு

ஏழுமலை ஒரு கையால் என் காலரைப் பிடித்தபடி, மறு கையால் தன் பெல்ட்டில் உபரியாக இருந்த கொக்கியை எடுத்தான். அதை என் பெல்ட்டில் மாட்ட வேண்டும். அவன் விரல்கள் சோப்பில் வழுக்கின. இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை 'டக்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகுதான் காலரை விட்டான். நான் வெளியே கிடந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இப்போது ஒரே கயிற்றில் இரண்டு பேர். அந்தக் கயிறு ஒருவருக்கானது. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மேலே ஆட்கள் ஓடும் சத்தம். யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். கண்ணாடிக்கு உள்ளே ஆபீஸ் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பெண் அவர்களை விரட்டிவிட்டு, ஒரு தாளில் 'வருகிறார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசி. இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஓர் அங்குலம். அந்தக் கண்ணாடி திறக்காது.

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று எங்கள் தொழிலில் எமன். முதல் வீச்சில் ஜூலா கண்ணாடியில் போய் இடித்தது.

"எப்படிடா பயமில்லாம நிக்கிற?" என்றேன். பற்கள் அடித்துக்கொண்டன.

"யாரு சொன்னா? என் காலப் பாரு."

பார்த்தேன். அவன் முழங்கால்கள் மிஷின் ஊசி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

இனி நாளைக்கு என்று தள்ள முடியாது.

"ஏழுமல, அன்னிக்கு நான் கேட்டது தப்புடா. மன்னிச்சுடு."

காற்று ஒரு முறை வீசி ஓய்ந்தது.

"தப்புக் கேள்வி இல்ல. நானும் தெனம் அதையேதான் என்னைக் கேட்டுக்கினு இருந்தேன். இன்னாத்துக்குடா சிரிக்கிறன்னு. நீயும் கேட்டியா, ஒடம்பு பத்திக்கிச்சு."

"பின்ன ஏன்டா சிரிச்ச?"

"அன்னிக்குக் காலைல அவ எழுந்து நடந்தா சேகரு. யாரும் புடிக்கல. கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும். மூணு அடி. உன்கிட்டதான் சொல்லணும்னு வந்தேன். டப்பாவத் தொறந்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கேட்டுட்ட."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறம்? நடக்கறாங்களா?"

"இல்ல. அந்த ஒரு நாளுதான்."

என் கண்ணிலிருந்து வழிந்ததைக் காற்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. ஒரு மனிதனிடம் இருந்த ஒரே ஒரு நாள். அதையும் அவனைச் சொல்லவிடாமல் வாயை மூடவைத்திருக்கிறேன்.

மேலிருந்து இன்னொரு வடத்தை இறக்கி, சாய்ந்த முனையில் மாட்டச் சொன்னார்கள். ஏழுமலைதான் மாட்டினான். என் கை கம்பியை விட்டு வர மறுத்துவிட்டது. அவர்கள் கையாலேயே இழுத்து ஜூலாவைச் சமமாக்கினார்கள். நான் என் முனைக்குத் திரும்பி என் கயிற்றை மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு முனையிலும் பிரேக்கைக் கையால் தளர்த்தித் தளர்த்தி, விரற்கடை விரற்கடையாக இறங்கினோம். ஒன்பதாவது மாடியருகே ஒரு முறை ஜூலா குலுங்கி நின்றது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. மூடினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.

கால் தரையைத் தொட்டபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது.

பதினொரு நாள்

யாரோ காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். அப்படியொரு டீயை நான் குடித்ததில்லை. இஞ்சி நாக்கில் பட்டதும் அழுதேன். ஷூ இல்லாத காலுக்கு அடியில் சிமென்ட் தரை ஈரமாக, சூடாக இருந்தது. அந்தச் சூடே பெரிய வரமாகத் தோன்றியது.

இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கு இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தார்கள். நான் வேறு ஆளாக வீட்டுக்குப் போனேன். மெட்ரோவில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் இனித்தது. வெங்காயத்தை உரிக்கும்போது அந்த நெடிக்காகவே மெதுவாக உரித்தேன். தட்டைக் கழுவி வைத்தேன். பத்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

நான்காம் நாள் ஜீவனஹள்ளிக்குப் போனேன். ஏழுமலையின் வீடு ஒற்றை அறை. புத்தர் படத்துக்குக் கீழே கட்டில். கஸ்தூரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொஞ்சம் குழறும், ஆனால் புரியும்.

"நடந்தீங்களாமே, மூணு அடி" என்றேன்.

அவள் முகம் மாறிய விதத்தை எப்படி எழுதுவது? வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. அதுவே அறை முழுக்கத் தெரிந்தது.

"மூணு இல்லண்ணா. நாலு!" என்று இடது கை விரல்களைக் காட்டினாள்.

"மூணுதான்" என்றான் ஏழுமலை, அடுப்படியிலிருந்து.

"நீ சாம்பார் வைக்கறதப் பாரு. நடந்தது நானு."

எந்தக் காலை முதலில் வைத்தாள், எதைப் பிடிக்கப் போய்ப் பிடிக்காமல் விட்டாள், ஜன்னலுக்கு வெளியே அப்போது என்ன வண்டி போனது என்பது வரை சொன்னாள். எட்டு மாதத்துக்கு மேலாகிவிட்ட நான்கு அடிகள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாம்பாரில் உப்பு அதிகம் என்று கடைசியில் இருவரும் சண்டை போட்டார்கள்.

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். சாவைப் பக்கத்தில் பார்த்தவனுக்கு இனி எல்லாமே சந்தோஷம்தான், இது போகாது என்று.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் கண் விழித்ததும் அது இருக்கிறதா என்று பார்த்தேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. இருந்தது. சாயங்காலமும் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது. அதிலிருந்து வேறு வேலையே இல்லை. டீ குடிக்கும்போது அன்றைய ருசி இருக்கிறதா என்று நாக்கைக் கவனிப்பேன். பத்மா பேசும்போது காதைக் கவனிப்பேன். உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பதுபோல, பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் தட்டில் ரசம் விழுந்தது. வாயில் வைத்தேன்.

"உப்பு போட்டியா இல்லையா? மனுஷன் திங்கறதுக்குத்தானே வைக்கிற?"

என் குரல்தான். பக்கத்து வீட்டு மிக்ஸிகூட நின்றுவிட்டது. பத்மா உப்பு டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

கொத்தமல்லி ஆய்ந்தபோது

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பத்மா தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாள் நான் மறுபடி ஜூலா ஏற வேண்டும். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"பத்மா, பதினோரு நாளு நல்லா இருந்தேன். என்னால அதக் காப்பாத்த முடியல. உன்மேல எரிஞ்சு விழுந்துட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை.

"அந்தப் பதினோரு நாளும் எனக்கு வயித்துல நெருப்புங்க."

எனக்குப் புரியவில்லை.

"சும்மா சும்மா சிரிச்சீங்க. தட்டக் கழுவுனீங்க. பேரச் சொல்லிக் கூப்ட்டீங்க. எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு கெளம்பற ஆளு மாதிரி இருந்துச்சு. ஏதோ ஆகப் போவுதுன்னு பயந்து பயந்து செத்தேன். ரசத்துக்குக் கத்துனீங்க பாருங்க, அப்பதான் 'அப்பாடா, ஆளு வந்துடுச்சு'ன்னு இருந்துச்சு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஒரு கொத்தமல்லிக் காம்பை எடுத்துக் கிள்ளினேன்.

"அப்போ நான் மேல ஏறும்போது? பயமா இருக்காதா?"

இப்போதுதான் நிமிர்ந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இதைக் கேட்கிறாயே என்று அந்தப் பார்வையில் இருந்தது.

"தெனமும்தான். மிஷின்ல உக்காந்தா கண்ணு நூலுல இருக்கும். மனசு அங்க மேல தொங்கிக்கினு இருக்கும். போன உள்ள எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. யாராவது வந்து என் பேரச் சொன்னாலே மிஷின நிறுத்திடுவேன். சாயங்காலம் நம்ம தெரு முனைல திரும்பறப்போ வாசலப் பார்ப்பேன். உங்க செருப்பு கெடந்தா, அவ்ளோதான். மனசு அப்படியே எறங்கிடும்."

"அதுதான் சந்தோஷமா?"

"அதுக்குப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் காம்ப முத்தலா கிள்றீங்க, விடுங்க."

பத்தொன்பது வருடம். நான் கண்ணாடிக்கு வெளியே சந்தோஷத்தைத் தேடித் தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், ஒருத்தி என்னோடு சேர்ந்து தொங்கியிருக்கிறாள். எந்தக் கொக்கியும் இல்லாமல்.

மறுநாள் ஏறினேன். கொக்கியை மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன். ஏழுமலையும் வந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தான். இரண்டாவது மாடி தாண்டியதும் நானே மறுபடி இழுத்துப் பார்த்தேன். நிலையான மகிழ்ச்சி என்று ஒன்று உண்டா என்று இன்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று முழுக்க என் மனத்தில் இருந்தது சாயங்காலம் மட்டும்தான்.

அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். எப்போதும் உள்ளே நுழைந்ததும் டிவியைப் போடுவேன். அன்று போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

முனையில் அவள் காலடி கேட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தது. அவ்வளவு வேகமாக அவள் நடப்பாள் என்பதே எனக்குத் தெரியாது. திடீரென்று அந்த வேகம் நின்றது. பிறகு மெதுவாக, சாவகாசமாக, செருப்பு தேய்கிற சத்தத்தோடு ஒரு நடை. எதிர் வீட்டு அம்மாவிடம் "காபி ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, அவர் சொன்ன எதற்கோ சிரித்தாள்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். பத்தொன்பது வருடமாக டிவி சத்தத்தில் இதைத் தவறவிட்டிருக்கிறேன்.

உள்ளே வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. "பால் வாங்குனீங்களா?" என்றாள்.

வாங்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.